புளியங்கொட்டை போட்ட நெருப்புப்பெட்டி

காலையில் பால் காய்ச்சும் நேரம் வந்தால் அவர் நெருப்புப்பெட்டியை என் கையில் தந்துவிடுவார். பெட்டியின் ஓரத்தை இரண்டு விரல்களால் பிடித்தபடி குசினி வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, நீங்கள் மூட்டினால்தான் அடுப்பு வடிவாய்ப் பிடிக்குது" என்பார். நான் குனிந்து, ஊதி, கண் எரிய அடுப்பை மூட்டிவிட்டு நிமிரும்போது அவர் அங்கே இருக்க மாட்டார். கொட்டிலுக்குள் பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

இரண்டு வருடம் இப்படித்தான் நடந்தது. என்னைக் குசினிக்காரி ஆக்கிவிட்டுத் தான் ரீச்சராக இருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

அது திருகோணமலைத் துறைமுகத்தின் பின்பக்கம் இருந்த ஒரு பாலர் பாடசாலை. தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில், அதோடு ஒட்டியபடி ஒரு சின்னக் குசினி, மணல் முற்றம். கிழக்கு வேலிக்கு அப்பால் ஓர் ஒடுங்கிய தெரு, ஒழுங்கை என்போம். அதன் இரண்டு பக்கமும் கிடுகு வீடுகள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், மீன் விற்றவர்களும், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வேலை தேடி வந்து தங்கியவர்களும் அங்கே குடியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் எங்கள் பிள்ளைகள். ஒரு மாதர் சங்கம் பாடசாலையை நடத்தியது. அறுபதுகளின் கடைசி அது. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். கலியாணம் ஆகவில்லை. பாலையூற்றில் தம்பி வீட்டில் இருந்துகொண்டு, நான்கு வருடம் அந்தப் பிள்ளைகளைத் தனியாகவே பார்த்தேன். பிள்ளைகள் கூடியதும் சங்கத்தார் அவரைச் சேர்த்தார்கள். என்னைவிட மூன்று நான்கு வயது குறைந்த பெண்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. பிள்ளைகள் அவரைச் சின்ன ரீச்சர் என்றும் என்னைப் பெரிய ரீச்சர் என்றும் கூப்பிட்டார்கள். முதலில் வந்தவள் என்ற மரியாதை என்று எண்ணி எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். பரீதா என்ற நாலு வயதுக்காரியிடம் ஒருநாள் கேட்டும் பார்த்தேன்.

"ஏன் மகள், நான் பெரிய ரீச்சர்?"

"நீங்க பெருசு. அவங்க சின்னன்" என்று அவள் இரண்டு கைகளையும் அகட்டிக் காட்டினாள்.

சின்ன ரீச்சருக்குக் குரலே கிடையாது. பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி கதைப்பார். அதைக் கேட்பதற்காகப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு அவரைச் சுற்றி நெருங்கி இருப்பார்கள். நான் சத்தம் போட்டால் அரை நிமிடம் அடங்குவார்கள். அவர் வாய் திறக்கப் போகிறார் என்றாலே அடங்கிவிடுவார்கள். காலையில் வாசலில் நிற்கும்போது எத்தனை பிள்ளைகள் அவர் பக்கம் ஓடுகிறார்கள், எத்தனை பேர் என் பக்கம் வருகிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். மூக்கு வடிகிற பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். என் முந்தானையில் எப்போதும் ஒரு துண்டு இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு கிழமை நானும் அவரைப்போலக் கதைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒரு தாய் போத்தலில் கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்தாள். "ரீச்சருக்குத் தடிமன் பிடிச்சுக் குரல் அடைச்சுப் போச்சாம் எண்டு மகன் சொன்னவன்" என்றாள். நான் வாங்கிக் குடித்தேன். அதற்குப் பிறகு பழைய குரலிலேயே கதைத்தேன்.

அவர் வந்த இரண்டாம் வருடம் பாலையூற்றில் ஒரு பிள்ளை நெருப்புப்பெட்டியோடு விளையாடி ஒரு வீடு எரிந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சங்கத் தலைவி அம்மா உடனே எங்களிடம் வந்து, நெருப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும் என்று சொன்னா. சின்ன ரீச்சர் யோசித்துக்கொண்டு நின்றார். நான் முந்திக்கொண்டேன்.

"நான் படிப்பிக்கிறன் அம்மா."

கொட்டிலில் ஒரு துணிப்பொம்மை இருந்தது. பெயர் ராணி. பிள்ளைகள் அதை முறை வைத்து மடியில் படுக்கவைப்பார்கள். அடுத்த நாள் நான் அவர்களை முற்றத்தில் வட்டமாக இருத்தி, ராணியை ஒரு தகர மூடியில் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். "பாத்தீங்களோ? நெருப்புப்பெட்டியைத் தொட்டால் இப்பிடித்தான் ஆவீங்கள்" என்றேன். மறக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அது சரிதான், மறக்கவில்லை. சிலர் கத்தினார்கள். சிலர் கத்தக்கூட ஏலாமல் இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டார்கள்.

மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. தாய்மார்தான் வந்தார்கள். "ரீச்சர், பின்னேரம் நான் விளக்குக் கொளுத்த, என்ட மகன் கட்டிலுக்குக் கீழ போய் ஒளிச்சிட்டான். கத்திக் கூப்பிட்டும் வரேல்லை. கால்ல பிடிச்சு இழுத்தெடுத்தது" என்றாள் ஒருத்தி.

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சின்ன ரீச்சர் என்னைக் குறை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தத் தாயிடம், "எந்தக் கட்டிலுக்குக் கீழ? எவ்வளவு நேரம் ஒளிச்சிருந்தவர்?" என்று கேட்டார். பிறகு அந்தக் கிழமை முழுவதும் வீடு வீடாகப் போய், பயந்தால் உங்கள் பிள்ளை எங்கே ஒளிக்கும் என்று விசாரித்தார். கட்டிலுக்குக் கீழே, நெல்லுப் பெட்டிக்குப் பின்னால், தண்ணீர்க் குடத்தடியில், அலுமாரிக்குள். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினார்.

"இதென்ன, கள்ளரைப் பிடிக்கப் போறியளோ?" என்று நான் கேட்டேன்.

"இல்லை அக்கா. வீடு எரியேக்க பிள்ளை ஒளிச்சால் ஆருக்கும் தெரியாதே. நெருப்பைவிட ஒளிக்கிறதுதான் பொல்லாதது."

அதோடு ஒரு துணிப்பொம்மையும் தைத்துக்கொண்டு வந்தார். "ராணி வந்திட்டா!" என்று பிள்ளைகள் பாய்ந்தார்கள். "இது ராணி இல்லை. ராணி எரிஞ்சு போனா. இது ராணிட தங்கச்சி" என்றார். பிள்ளைகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தங்கச்சியை வாங்கி மடியில் படுக்கவைத்தார்கள். அப்படித் தைக்க என் வீட்டிலும் துணி இருந்தது.

பாடம் அவருடைய கைக்குப் போய்விட்டது. அவர் படிப்பித்ததைப் பார்த்தவர்கள் விளையாட்டு என்றுதான் சொல்வார்கள். ஓர் ஓலைப்பெட்டிக்குள் அகப்பை, சீப்பு, குப்பி விளக்கு, கேத்தல் மூடி, பந்து எல்லாம் போட்டு வைத்திருப்பார். ஒவ்வொன்றாக எடுத்து, இது எங்கள் சாமான், இது பெரியாக்களின் சாமான் என்று பிள்ளைகள் இரண்டு பாய்களில் பிரித்து வைக்க வேண்டும். அதில் ஒரு நெருப்புப்பெட்டியும் உண்டு. உள்ளே குச்சி இல்லை, புளியங்கொட்டைகள். ஆட்டினால் கடகடவென்று சத்தம் கேட்கும். அதை முற்றத்தில் எங்காவது போட்டுவிடுவார். கண்ட பிள்ளை தொடக்கூடாது. கையைக் கட்டிக்கொண்டு வந்து, "சின்ன ரீச்சர், ஒரு நெருப்புப்பெட்டி கிடக்குது" என்று சொல்ல வேண்டும். "சொன்னவ கெட்டிக்காரி" என்பார். ஒரு பிள்ளை அதை எடுத்து விளையாடிவிட்டு வந்து சொன்னாலும், "சொன்னவர் கெட்டிக்காரன்" என்றுதான் சொல்வார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"எடுத்தவனுக்கு ஏச வேணும். இல்லாட்டி எப்பிடித் திருந்துவான்?" என்றேன்.

"ஏசினால் அடுத்த முறை எடுத்துப்போட்டு ஒளிப்பார் அக்கா."

சட்டையில் நெருப்புப் பிடித்தால் ஓடக்கூடாது, பாய் சுருளுவதுபோல் நிலத்தில் உருள வேண்டும் என்று மணலில் உருட்டினார். புகை வந்தால் அதற்குக் கீழே தவழ வேண்டும் என்பதற்கு ஒரு பழைய வெள்ளைச் சேலையை நானும் அவரும் இரண்டு பக்கமும் பிடிக்க, பிள்ளைகள் அடியால் தவழ்ந்து போனார்கள். சேலையைப் பிடித்து நின்ற எனக்குக் கை உளைந்தது. தவழ்ந்து வெளியே வந்த ஒவ்வொரு பிள்ளையும் அவரைத்தான் நிமிர்ந்து பார்த்தது.

எல்லாவற்றிலும் பெரியது சங்கு விளையாட்டு. வெள்ளிக்கிழமைகளில் முற்பகல் துறைமுகத்தில், நெருப்புப் பிடித்தால் ஊதும் சங்கை ஊதிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகள் வாங்குப் பலகைகளுக்குக் கீழே புகுந்துவிடுவார்கள். சின்ன ரீச்சர் அதையே விளையாட்டாக்கினார். சங்கு ஊத முன்னம் எல்லோரும் போய் ஒளிக்க வேண்டும். சங்கு ஊதியதும் வெளியே வந்து மரத்தடிக்கு ஓட வேண்டும். முதலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்தான் வென்றவர். கடைசி வரையும் நன்றாக ஒளித்திருந்தவர் தோற்றவர்.

"இதென்ன கூத்து? ஒளிச்சுப்பிடிச்சு விளையாட்டில பிடிபட்டவருக்கே பரிசு?"

"ஓம் அக்கா. இன்னொராளையும் கூட்டிக்கொண்டு வந்து பிடிபட்டால் இரட்டைப் பரிசு" என்று சிரித்தார்.

எந்த மரம் என்பதில் எங்களுக்குள் ஒரு சண்டை. வேலியோரம் ஒழுங்கைப் பக்கம் ஒரு வாதுமை மரம், நல்ல நிழல். முற்றத்தின் மேற்குத் தொங்கலில், கடைசி மூலையில், ஒரு மெலிந்த வேம்பு. மணல் காலைச் சுடும். நான் வாதுமை என்றேன்.

"கச்சான் காத்து எந்தப் பக்கத்தால வாறது அக்கா?"

"இது தெரியாதோ? மேற்கால."

"அப்ப வேப்பமரம்தான். காத்து நெருப்பை அங்கால கொண்டு போகும்."

தலைவி அம்மாவும் அது சரி என்றா. பிள்ளைகளின் கால் சுடுகிறது என்று நான் ஒரு மாதம் முறைப்பட்டுக்கொண்டே இருந்தேன்.

கச்சான் அடிக்கும் ஒரு மாதத்தில்தான் நான் அதைக் கண்டேன். அன்று பாலையூற்றில் பஸ் பிந்திவிட்டது. நான் வந்து சேரும்போது பால் குடிக்கும் நேரம் கடந்திருந்தது. கொட்டிலில் பிள்ளைகள் பசியில் முனகிக்கொண்டிருந்தார்கள். குசினியின் கிடுகு இடைவெளியால் உள்ளே பார்த்தேன். சின்ன ரீச்சர் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். காலடியில் நெருப்புக்குச்சிகள் நிறையக் கிடந்தன. ஒன்றும் எரிந்தது இல்லை. எல்லாம் முறிந்தவை. இன்னொரு குச்சியை எடுத்தார். பெட்டியில் வைத்தார். உரச ஏலவில்லை. கை அப்படி நடுங்கியது. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே குரலில் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குச்சி முறிந்தது.

நான் சத்தமில்லாமல் வேலிப் படலைவரை திரும்பிப் போய், இருமிக்கொண்டு மறுபடி வந்தேன். அவர் குசினி வாசலில் நின்றார். முகத்தைத் துடைத்திருந்தார். "அக்கா, நீங்கள் மூட்டினால்தான்..." என்று பெட்டியை நீட்டினார். அன்று அடுப்பு ஊதும்போது எனக்குக் கண் எரியவில்லை.

அதன் பிறகு அவர் பானையைத் தூக்கும்போது கையில் எங்காவது எரிந்த தழும்பு இருக்கிறதா என்று தேடினேன். கழுத்தைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தோல் சிப்பியின் உட்புறம்போல் இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வருடம் முடியப் போகும் நேரத்தில் தலைவி அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டா. "வாற வருசம் சங்கத்தால ஒராளைத்தான் வைச்சிருக்க ஏலும். வருச முடிவு விழாவண்டைக்கு ரெண்டு பேரும் பெற்றார் முன்னால ஒரு பாடம் நடத்துங்கோ. பாத்து முடிவெடுப்பம்" என்றா. வேறு வேலை எனக்குத் தெரியாது. பாலையூற்றில் தம்பி மனைவியின் குசினியில் பகல் முழுவதும் இருக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பே தாங்க ஏலவில்லை.

விழாவன்று நான் பிள்ளைகளைக் கொண்டு பாட்டுப் பாடுவித்தேன். நன்றாகத்தான் பாடினார்கள். பிறகு சின்ன ரீச்சர் ஓலைப்பெட்டியோடு வந்தார். அகப்பை, சீப்பு, விளக்கு. பெற்றார் சிரித்துச் சிரித்துப் பார்த்தார்கள். புளியங்கொட்டைப் பெட்டியை எடுத்து ஆட்டிக் காட்டியபோது நான் எழும்பினேன். சபையில் வாய் திறந்து அறியாதவள் நான். அந்த வசனத்தை மூன்று நாள் மனப்பாடம் செய்திருந்தேன்.

"புளியங்கொட்டையை வைச்சு என்னத்தை விளங்கப்படுத்துறது? நெருப்பைக் கையாளத் தெரிஞ்ச ஆள் எண்டு பெற்றாருக்கும் தெரிய வேணாமே? இந்த விளக்கைக் கொளுத்திக் காட்டுங்கோ."

இடுப்பில் செருகியிருந்த உண்மையான நெருப்புப்பெட்டியை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாங்கினார். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. "ரீச்சர், பெட்டி நனைஞ்சு போச்சோ?" என்று பின்னால் ஓர் ஆள் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது குச்சி கையிலிருந்து விழுந்தது. நான் அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பாயிலிருந்து பரீதா எழும்பி வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"சின்ன ரீச்சர், பயமா?"

சிரிப்பு நின்றது.

"பயமெண்டா சொல்லுங்க. ஆரும் ஏச மாட்டாங்க."

அவர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் பரீதாவின் உயரத்துக்குக் குந்தினார். "ஓம் மகள். எனக்குப் பயம்" என்றார். அந்த மெல்லிய குரல் அன்று கடைசி வரிசைக்கும் கேட்டது.

"சொன்னவ கெட்டிக்காரி" என்றாள் பரீதா.

பெரியவர்கள் மறுபடி சிரித்தார்கள். பிள்ளைகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. சின்ன ரீச்சர் எழும்பி, ஒவ்வொரு நாளும் குசினி வாசலில் நின்று தருவதுபோல இரண்டு விரல்களால் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். "அக்கா, நீங்கள் மூட்டினால்தான் வடிவாய்ப் பிடிக்கும்."

நான் முதல் குச்சியிலேயே விளக்கைக் கொளுத்தினேன். கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டு அது.

"நெருப்புப்பெட்டியைக் கண்டு நடுங்கிற ஆளிட்டப் பிள்ளையளை விடுறதோ?" என்று சங்கத்தில் கேட்டார்களாம். வேலை எனக்கு நிலைத்தது. சின்ன ரீச்சர் ஈச்சிலம்பற்றில் இருந்த சொந்தக்காரரிடம் போக ஆயத்தமானார். போகும்போது புளியங்கொட்டைப் பெட்டியை என்னிடம் தந்தார். "இடைக்கிடை கொட்டையை மாத்துங்கோ அக்கா. புழுப் பிடிச்சிரும்" என்றார்.

அவருடைய விளையாட்டுகளையெல்லாம் நிறுத்திவிட எனக்கு ஆசை. முதல் வெள்ளிக்கிழமை, சங்கு ஊதும் நேரத்தில் பிள்ளைகளை இருத்தி எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. என்னைக் கேளாமலே அத்தனை பேரும் எழும்பி வேப்பமரத்துக்கு ஓடினார்கள். நான் மட்டும் கொட்டிலுக்குள் நின்றேன். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் விட்டுவிட்டேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பழையவர்களே சொல்லிக்கொடுத்தார்கள்.

அடுத்த கச்சான் காலத்தில் ஒருநாள், பாடசாலை விட்ட பிறகு நான் பால்பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன். காற்று மணலை வாரி அடித்தது. ஒழுங்கையில் ஏதோ ஓர் அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்திருக்க வேண்டும். கூக்குரல் கேட்டு நான் ஓடிப் போகும்போது நாலைந்து வீட்டுக் கூரைகள் எரிந்தன. துறைமுகச் சங்கு ஊதத் தொடங்கியது. ஆண்கள் வேலைக்குப் போன நேரம். பெண்கள் வாளியும் குடமுமாக ஓடினார்கள். பரீதாவின் உம்மா கிணற்றடியிலிருந்து வந்தவள், தன் வீட்டைப் பார்த்து, "பிள்ளையள் உள்ளுக்க! ரெண்டும் உள்ளுக்க!" என்று பாய்ந்தாள். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு மீன்காரர் நனைத்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

எனக்கு ஏனோ திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. வேலி இடைவெளியால் எங்கள் முற்றத்தைப் பார்த்தேன். மேற்குத் தொங்கலில், அந்த மெலிந்த வேம்பின் கீழே, ஒழுங்கைப் பிள்ளைகள் நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு, வரிசையாக. முன்னால் பரீதா. அவளால் கையைக் கட்ட முடியவில்லை, ஒரு கையால் தம்பியின் சட்டையைப் பிடித்திருந்தாள்.

நான் கத்தினேன். "இஞ்ச நிக்கினம்! எல்லாரும் மரத்தடியில நிக்கினம்! உள்ளுக்க போகாதேங்கோ!"

அப்படி ஒரு குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. மீன்காரர் வாசலில் திரும்பினார். அவர் இரண்டு அடி பின்னுக்கு வரக் கூரை உள்ளே விழுந்தது. வேலியோர வாதுமை மரத்தின் இலைகள் அந்தப் பக்கம் முழுவதும் கருகிப்போயின.

நான் மரத்தடிக்குப் போனேன். பரீதா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் முதல். தம்பி அலுமாரிக்குப் பின்னால ஒளிச்சவன், நான் இழுத்துக்கொண்டு வந்தனான். சின்ன ரீச்சரிட்டச் சொல்லுங்க."

அவளுடைய உம்மா வந்து பிள்ளைகளைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்தாள். "ரீச்சர், நீங்க படிப்பிச்சதாலதான் என்ட பிள்ளையள் எனக்குக் கிடைச்சுது."

"ஓம்" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். பிறகு சங்கக் கூட்டத்தில் எனக்கு மாலை போட்டார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. எனக்குச் சபைக் கூச்சம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் நிலாவெளி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து இருந்தார். "அக்கா!" என்றார். கொஞ்சம் பருத்திருந்தார். அந்தக் குரல் மாறவில்லை. கலியாணமாகி ஈச்சிலம்பற்றிலேயே இருப்பதாகவும், நிலாவெளியில் ஒரு வீட்டுக்குப் போவதாகவும் சொன்னார்.

என்ன கதைப்பது என்று தெரியாமல், "இப்பவும் நெருப்புக்குச்சி உரச ஏலாதோ?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏலாது. மாமிதான் அடுப்பு மூட்டுறவ. கலியாணம் பேச வரேக்கையே சொல்லிப்போட்டன்."

"சின்ன வயசில ஏதும் நடந்ததோ?"

"ஒண்டும் நடக்கேல்லை அக்கா. சும்மா பயம்."

ஒழுங்கை எரிந்த கதையைச் சொன்னேன். பரீதா முதலில் வந்ததைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "தம்பியையும் இழுத்துக்கொண்டோ? அப்ப இரட்டைப் பரிசெல்லோ குடுக்க வேணும்!" என்றார். கண் நிறைந்துவிட்டது. மாலை எனக்கு விழுந்ததையும் சொன்னேன். "நல்லது அக்கா" என்றார். அதை அவர் உண்மையாகவே சொன்னார் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்டைக்கு விழாவில நான் உமக்கு..." என்று தொடங்கினேன்.

"தெரியும் அக்கா" என்றார். "பெட்டியைத் தரேக்க உங்கட கைதான் என்ட கையைவிட நடுங்கினது. வேலை போயிரும் எண்டு பயந்திருப்பியள். சொல்லியிருக்கலாமே. நான் ஏசியிருக்க மாட்டன்."

அவர் இறங்கும் இடம் வந்தது. என் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார். பஸ் புறப்பட்டு வெகுதூரம் போனபிறகும் எனக்கு வந்தது பொறாமைதான். நான் அத்தனை வருடம் தொண்டைக்குள் வைத்திருந்ததை அவர் தேங்காய் விலை கேட்பதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பாடசாலையில் அந்த நெருப்புப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். புளியங்கொட்டைகள் புழுப் பிடித்து மாவாய்ப் போயிருந்தன. கழுவிக் காயவைத்த புதுக் கொட்டைகளைப் போட்டேன். பிள்ளைகளை இருத்தி, அந்த விளையாட்டுகளில் ஒன்றும் என்னுடையது அல்ல, எல்லாம் சின்ன ரீச்சர் என்று ஒருவர் படிப்பித்தது என்று முதல் தடவையாகச் சொன்னேன். அவருக்கு நெருப்புக்குச்சி உரசப் பயம் என்பதையும், ராணியின் தங்கச்சியைப் பற்றியும் சொன்னேன். வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள்.

கதை முடிந்ததும் ஒரு பிள்ளை கேட்டது: "சின்ன ரீச்சர் எப்ப வருவா?"

"வர மாட்டா. அவ தூரத்தில இருக்கிறா."

"கூட்டிக்கொண்டு வாங்கோ ரீச்சர்" என்று அது அழத் தொடங்கியது. மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

அவரை ஒருநாளும் கண்டிராத பிள்ளைகள். ஐந்து நிமிடத்தில் அவர் பக்கம் போய்விட்டார்கள். நான் முந்தானைத் துண்டை எடுத்து ஒவ்வொரு மூக்காகத் துடைத்துவிட்டு, பால் காய்ச்ச அடுப்பை மூட்டப் போனேன்.